மாடு திரும்பும் ரோடு

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் மல்லசமுத்திரத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டில் தலையில் உருமால் கட்டியிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "மாடு ஒத்துக்கலீங்க. அதான் கடைய மூடிட்டனுங்க" என்றார்.

"எந்த மாடுங்க?"

"சந்தைக்குப் போற வண்டி மாடுங்க. லாரியும் பஸ்ஸும் பெருத்துப் போச்சுன்னு எங்கூருக்கு வெளிய புது ரோடு நேரா போட்டாங்க. இனி எல்லாரும் அதுலதான் போவாங்கன்னு அங்க காப்பிக் கடை வெச்சனுங்க."

"நல்ல யோசனதானுங்க."

"லாரிக்காரன் நிக்கறதில்லீங்க. வண்டிக்காரன் தூங்கிக்கிட்டே வாரானுங்க. மாடு அதும்பாட்டுக்குப் பழைய ரோட்டுல திரும்பி, தண்ணித் தொட்டிகிட்டப் போய் நின்னுக்குது. அப்பத்தான் அவன் முழிக்கறான். முழிச்சவன் அங்கயே காப்பி குடிச்சுக்கறான்."

"நீங்களும் ஒரு தொட்டி கட்டியிருக்கலாமுங்க."

"கட்டினனுங்க. ரொப்பறதுக்குத் தண்ணியில்ல. கெணறு வெட்டினா அடியில வெறும் பாறைங்க."

"பழைய ரோட்டுத் தொட்டி யாருதுங்க?"

பஸ் கிளம்பியது. அவர் உருமாலை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"எந்தம்பியோடதுங்க. பாகம் பிரிக்கறப்ப, புது ரோட்டோர நெலம் எனக்கு, கெணறும் தொட்டியும் நீயே வெச்சுக்கன்னு நான்தானுங்க சொன்னேன்."

"அங்க இருக்கற காப்பிக் கடையும் தம்பி வெச்சதுங்களா?"

"அவன் வெச்சதுதானுங்க. அங்கதான் நான் இப்பக் காப்பி ஆத்தறனுங்க."