சாயப்பட்டறை மீன்கள்

— நல்லாப் பாரும்மா. ஒண்ணு ரெண்டு சும்மா மயங்கிக் கிடக்கும்.

— மயக்கமா? தொட்டியில நாலு மீனும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது மாமா. அஞ்சாவது, அந்தக் கறுப்பனைக் காணோம், அது அடியில எங்கயாவது செத்துக் கிடக்கும்.

— சரி விடு. கடை திறந்ததும் புதுசா மீன் வாங்கிட்டு வந்துடறேன். இன்னிக்கு நம்ம தண்ணியைப் பார்க்க வர்றவங்க மீனோட முகத்தையா ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?

— வேண்டாம். சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணி அதுலயே மீன் வளர்க்கிறேன்னு தெரு முழுக்கத் தம்பட்டம் அடிச்சவ நான். இனி எந்த முகத்தோட அந்தத் தண்ணியை லாண்ட்ரிக்காரருக்குக் குடுப்பேன்? அவர் துவைக்கிறது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு.

— அதுக்காக?

— போனைக் குடுங்க. வர வேண்டாம்னு சொல்லிடறேன்.

— சரி விடு, அவசரப்படாதே. நம்ம தண்ணி லாண்ட்ரிக்கு, லாண்ட்ரித் தண்ணி அட்டைக் கம்பெனிக்கு, அங்கேருந்து திரும்ப நமக்கு. மூணு பேரும் சேர்ந்தாத்தான் தண்ணி சுத்தம் பண்ற உன் மெஷின் ஓடும்னு நீதானே சொன்னே? போர்ல தண்ணி வத்திப் போச்சு. தண்ணி லாரிக்காரனும் கையை விரிச்சுட்டான். இதை விட்டா பட்டறைக்குப் பூட்டுதாம்மா.

— பூட்டிக்கலாம். மீனைக் கொல்ற தண்ணியை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன். முதல் நாளே சொன்னீங்களே மாமா, மருமக சாக்கடையைக் கழுவுறாள்னு. நீங்க சொன்னதுதான் சரி.

— அது ஏதோ வாய்த் துடுக்குல சொன்னது. அதைப் போய் இன்னும் மனசுல வெச்சிருக்கியா?

— வெச்சதாலதான் இவ்வளவு தூரம் வந்தேன். இதென்ன, தொட்டிகிட்ட வந்தா மூக்குல ஏறுது? மருந்து வாடை.

— அப்படியா? எனக்கு ஜலதோஷம்.

— மாமா. என்னைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— சுவத்தைப் பார்க்கறீங்க. நேத்து வரைக்கும் இந்தத் தண்ணி லேசா மஞ்சளா இருந்துச்சு. இப்போ பளிச்சுன்னு இருக்கு. யார் மாத்துனது?

— திட்டாதேம்மா. நான்தான். நேத்து சாயங்காலம் நீ கிளம்பினப்புறம். தண்ணி பழுப்பா இருந்தா வர்றவங்க உன்னைத்தானே ஏளனமாப் பார்ப்பாங்க? மீனையெல்லாம் கொஞ்சம் பழைய தண்ணியோட வாளிக்கு மாத்திட்டு, தொட்டியை வடிச்சு, வீட்டுக் குழாய்லேருந்து நல்ல தண்ணி பிடிச்சு ரொப்பினேன். ஊரே குடிக்கிற தண்ணி!

— ஐயோ மாமா! ஊர்த் தண்ணியில கிருமி சாக மருந்து போடுவாங்க. நமக்கு ஒண்ணும் பண்ணாது, மீன் தாங்காது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வெச்சுட்டுத்தான் விடணும்.

— அப்போ கொன்னது நானா?

— நீங்களா, என் தண்ணியான்னு இனிமே யார் சொல்ல முடியும்? குழாய்த் தண்ணி மேல பழி போட்டா, சாக்கு சொல்றாள்னு சிரிப்பாங்க.

— நான் சொல்றேன் அவங்ககிட்ட.

— மருமகளுக்குப் பரிஞ்சு பேசுறார்னு அதுக்கும் சிரிப்பாங்க.

— பேசினா என்ன? என் பையன் எனக்கென்னன்னு வெளியூர் போய் உட்கார்ந்துட்டான். இந்தப் பட்டறையைத் தூக்கி நிறுத்தினது நீ. அதை ஒரு தடவைகூட வாய் திறந்து உன்கிட்ட சொல்லல. நேத்து நல்லது பண்றேன்னு நினைச்சு உன் பொழைப்பையே கெடுத்துட்டேனே.

— அழாதீங்க மாமா. நீங்க அழுது நான் பார்த்ததே இல்ல.

— அந்தக் கறுப்பன் பாவம், வாளியிலேயே சுத்திச் சுத்தி ஓடினான். கைக்குச் சிக்கவே இல்ல.

— என்னது? அப்போ கறுப்பன் தொட்டியில இல்லையா?

— எங்க? இருட்டிடுச்சு, இடுப்பு வலி வேற. கிடந்து தொலைன்னு அந்தப் பழைய தண்ணியிலயே விட்டுட்டேன். இவ்வளவு நேரம் அதுல உயிரோடவா இருப்பான்?

— வாளி எங்க மாமா?

— கதவுக்குப் பின்னாடி. மேல துணி போட்டு வெச்சிருக்கேன். பார்த்துத் தூக்கு.

— இருங்க, துணியை எடுக்கறேன்.

— என்னம்மா ஆச்சு? அவனும் போயிட்டானா?

— வந்து பாருங்க, என் தண்ணியில நல்லாத்தான் இருக்கான். உங்க குரல் கேட்டதும் வாயைப் பிளந்துக்கிட்டு மேல வர்றான். எனக்குத் தெரியாம தினமும் இவனுக்குத் தீனி போட்டது நீங்கதானா மாமா?