மானுக்குப் பத்தாத ரவை

இந்த மோஹிங்கா நூடுல்ஸை உங்கள் போலீஸ்காரரிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சயா. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது மீன் போட்டுக் காய்ச்சியது. நான் விரதத்தில் இருக்கிறேன். பாலில்லாத தேநீர் போதும்.

கோவிலில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரியாதை உண்டு. திருவிழாவன்று அம்மன் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தீயில் இறங்குவது எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளை. பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். மூத்தவர் சுரேந்திரன் அண்ணன், என் பெரியப்பா மகன். அடுத்தவன் நான்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ரங்கூன் லத்தா பேட்டையில் கடை, வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் பக்தி என்று பார்த்தால், தீயில் நடக்கும்போதுகூட யார் போனில் படம் பிடிக்கிறார்கள் என்று பார்த்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார். பின்னால் வரும் எனக்குப் படத்தில் பாதித் தலைதான் விழும். வருஷா வருஷம் வயிறு எரியும். அதை உங்களிடம் மறைப்பானேன்.

அவருக்கு ஒரு காலில் காயம் பட்டால் போதும். காயம்பட்ட காலோடு தீயில் இறங்கக் கூடாது. கரகம் எனக்கு வந்துவிடும். ஆனால் உயிர் போகவே கூடாது. போனால் பங்காளித் தீட்டு. கருமாதி முடியும்வரை கோவில் வாசலை மிதிக்க முடியாது. ஆகவே அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் யாரும் இருந்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் காப்புக் கட்டு. கட்டிவிட்டால் கறி கிடையாது. அதற்கு முன்னால் மான்கறி தின்றுவிட வேண்டும் என்று அண்ணன் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். தாகேதாவில் சுலைமான் பாய் இருக்கிறார். துப்பாக்கியே தொட்டிராதவர்களைக் கூட்டிப்போய் மான் வேட்டை காட்டுவது அவர் தொழில். ஏற்பாடெல்லாம் நான்தான் செய்தேன். நான் மட்டும் முன்கூட்டியே விரதம் தொடங்கியிருந்ததால், மஞ்சள் வேட்டியும் மஞ்சள் துண்டுமாக ஜீப்பில் ஏறினேன்.

“என்னாடா முரளி, மானைச் சுட்டுத் தயிர்சோத்துக்குத் தொட்டுக்கப் போறியா?” என்றார் அண்ணன். பாயும் சிரித்தார். நான் பொறுத்துக்கொண்டேன்.

பெகு மலையடிவாரத்தில் பாய் எங்களுக்கு ஆளுக்கொரு பழைய துப்பாக்கி கொடுத்து, தோட்டாக்களைப் பரப்பினார்.

“ஒத்தைக் குண்டு பன்னிக்கு. இந்தப் பெரிய ரவை மானுக்கு. கடுகு மாதிரி இருக்கே, இது புறாவுக்கு.”

அண்ணன் பெரிய ரவையை எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படவில்லை. ஒற்றைக் குண்டு எலும்பைப் பிளக்குமாம், அது வேண்டாம். பெரிய ரவையும் ஆழமாக இறங்குமாம். ஒரு மனிதனுக்கு எது பொருந்தும் என்று யோசித்துத்தான் கேட்டேன்.

“பாய், நான் விரதம். மான் எதிர்ல வந்தாலும் சாகக் கூடாது. கடுகு ரவையே குடுங்க.”

“அது மானுக்குப் பத்தாது தம்பி. தோல்ல குத்தி நின்னுரும்.”

“அதுதான் வேணும்.”

“நல்ல மனசு தம்பி உங்களுக்கு” என்றார்.

கிட்டத்திலிருந்து சுட்டால் கடுகு ரவை சிதறாதாம். மொத்தமும் ஒரே கட்டியாக இறங்குமாம். இதைப் பாய் பிறகுதான் சொன்னார். புது ஆட்களைக் கூட்டிப்போகிறவர் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

மான் வந்தது. அண்ணன் எனக்கு முன்னால் நின்று குறிபார்த்தார். நான் அம்மனை வேண்டிக்கொண்டு, அவருடைய முழங்காலுக்குக் கீழே பார்த்துச் சுட்டேன். மான் தப்பி ஓடியது. ஒரு ஜீவன் பிழைத்ததே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கால் பார்க்கும்படி இல்லை. பாய் தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார். அது உடனே ஊறிவிட்டது.

“உங்க துண்டை வச்சு அமுக்கிப் பிடிங்க தம்பி, நான் ஜீப்பைக் கொண்டாறேன்” என்று ஓடினார்.

அது அம்மன் காலடியில் வைத்து எடுத்த துண்டு, சயா. ரத்தம் பட்டால் விரதம் கெட்டுவிடும். நான் கொஞ்சம் தள்ளி நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“முரளி, துண்டைக் குடுடா.”

“பொறுண்ணே, பாய் வந்துருவாரு.”

“டேய், கரகத்தை நீயே எடுத்துக்கடா. துண்டைக் குடு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்து ஏக்கம். அவர் வாயாலேயே கரகம் எனக்கு வந்துவிட்டது. இனிமேல்தான் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பாய் வருவதற்குள் அண்ணனின் பேச்சு நின்றுவிட்டது.

புது ஆள், கை தவறிவிட்டது என்று எங்கள் தாமுவே பேட்டையில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கை தவறவில்லை. காலைக் குறிவைத்தேன், காலில்தான் பட்டது. கொல்ல நினைத்தவன் கடுகு ரவையா கேட்பான்? துண்டைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். டாக்டருக்கு விரதத்தைப் பற்றி என்ன தெரியும்?

காப்புக் கட்டிய பிறகு சாவு விழுந்தால் தீட்டு ஒட்டாது என்பார்கள். வெள்ளிக்கிழமைவரையாவது அண்ணன் தாக்குப்பிடித்திருக்கலாம். இப்போது கரகத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டது ஒரு கால். அவர் உயிரையே விட்டு, என்னைக் கோவில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். நீங்களே சொல்லுங்கள் சயா, சொந்தத் தம்பிக்கு ஒரு மனிதன் இப்படியா செய்வான்?