மூன்றாவது ரீடிங்

மதிப்பிற்குரிய என்ஜினியர் அருண்ராஜ் அவர்களுக்கு, மரக்காணம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தட்சணாமூர்த்தி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். இங்கே இந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது.

நாம் சந்தித்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். 2005 மார்ச் பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. இடம், உப்பளத்து முதலாளி திருமுருகனின் ஆபீஸ். முதலாளி மேசைக்குப் பின்னால் தன் நாற்காலியில் இருந்தார். நீங்கள் அவருக்கு வலப்பக்கம், ஃபேனுக்குக் கீழே. மேஸ்திரி தனக்கோடி ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பக்கிரி உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றான். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதில் ஒரு கால் குட்டை. நீங்கள் பேசி முடிக்கும்வரை அது ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

முதலாளியின் காரைப் பற்றி உங்களுக்குப் பாதிதான் தெரியும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். கோளாறு 2004 நவம்பர் மழையில் ஆரம்பித்தது. வெயில் காயும்போது வைப்பர் தானாக ஓடும். வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் சாவு வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்து, பேட்டரி வயரைக் கழற்றும்வரை நிற்கவில்லை. பாடை தூக்க வந்தவர்கள் பாடையை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றார்கள்.

அதே கார் என் கடை வாசலில் வந்து நின்றால் ஊமையாகிவிடும். பக்கிரி ஏழு முறை கொண்டுவந்தான். ஏழு முறையும் சாவி போட்டதும் சாதுவாக நின்றது. அவன் கிளம்பிக் கல்லெறி தூரம் போனதும் அங்கிருந்து ஹாரன் கேட்கும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது. நான் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். வயர் வயராக மீட்டர் வைத்தேன். ஸ்விட்சுகளை மாற்றினேன். எல்லாம் தள்ளிய பிறகு மீதி நின்றது பெட்டி ஒன்றுதான். நீங்கள் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பீர்கள். இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. லாக், கண்ணாடி, வைப்பர், ஹாரன், ஹெட்லைட் எல்லாம் அது சொல்வதைத்தான் கேட்கும். பெட்டி போய்விட்டது என்று முதலாளியிடம் சொன்னேன்.

புதுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. நடுவில் சுனாமி வந்து எல்லாமே நின்றுபோனது. பிப்ரவரியில்தான் கைக்குக் கிடைத்தது. மாட்டினேன். பதினாறு நாள் ஒரு குறையும் இல்லை. பதினேழாம் நாள் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடியது. அதற்குப் பிறகுதான் சென்னைக் கம்பெனியிலிருந்து உங்களை வரவழைத்தார்கள்.

நீங்கள் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தீர்கள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் பாடியில் முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினீர்கள். உப்புக் காற்றில் அது துருவேறி இருந்தது. ஒரு துண்டு உப்புத்தாள் கேட்டு வாங்கித் தேய்த்துத் திரும்ப முடுக்கினீர்கள். மொத்தம் இருபது நிமிஷம். ஆபீசில் வந்து உட்கார்ந்து, "எர்த்துதான் சார் ப்ராப்ளம். பழைய மாட்யூலும் நல்லாதான் இருந்திருக்கும். பாவம், இவருக்குத் தெரியல" என்றீர்கள். பாவம் என்ற சொல்லை நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். முதலாளி கேட்டதும், பெட்டியில் குறையில்லை என்று கம்பெனித் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள்.

"அண்ணே, ஒரு உப்புத்தாள் வேலைக்கா நாலு மாசம் என்னை நடையா நடக்க வச்சீங்க?" என்றான் பக்கிரி. தனக்கோடி ஜன்னல் கட்டையிலிருந்து விழப் பார்த்தார். முதலாளி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கு ஊரில் உப்புத்தாள் என்று பெயர். என் கடைக்கு வழி கேட்டால், உப்புத்தாள் கடையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். பக்கிரி மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். மற்றதெல்லாம் அதை நம்பினால்தான் புரியும்.

எர்த்தில் குறை இருந்தது உண்மை. அதை நான் பார்க்கத் தவறியதும் உண்மை. ஆனால் எர்த்தில் குறை இருந்தால் பெட்டியில் குறை இல்லை என்று எப்படி ஆகும்? இரண்டும் இருக்கலாம் அல்லவா? பழைய பெட்டியை நீங்கள் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் கடை அலமாரியில் இருந்தது. பார்க்காமலே நன்றாக இருந்திருக்கும் என்றீர்கள். பார்க்காமல் சொன்னது நீங்கள். எனக்கல்லவா பெயர் வைத்தார்கள்?

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதே கார், நல்ல எர்த், பழைய பெட்டி. கோளாறு வந்தால் நான் சொன்னது சரி. வராவிட்டால் நீங்கள் சொன்னது சரி. நான் படித்த பள்ளியில் அறிவியல் வாத்தியார் எந்தச் சோதனையானாலும் மூன்று ரீடிங் எடுக்கச் சொல்வார். ஒன்று தற்செயலாக இருக்கலாம். இரண்டு சந்தேகம். மூன்று வந்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

பக்கிரி வெள்ளிக்கிழமை தோறும் பேட்டரி தண்ணீர் பார்க்கக் காரை என்னிடம் விடுவான். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் டீ குடிக்கப் போனபோது பழைய பெட்டியை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் பயந்து பயந்து ஓட்டுவான், சோதனை கெட்டுவிடும்.

ஆகஸ்டு மூன்றாம் தேதி இரவு ஏழு பத்துக்கு முதல் ரீடிங் வந்தது. மறுநாள் காலை பக்கிரி கடைக்கு வந்து, பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்து, பத்து எண்ணுவதற்குள் தானாக எரிந்தது என்றான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கேட்டுச் சிரித்தான். நான் தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதிக்கொண்டேன். மார்ச் மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது.

இரண்டாவது, ஆகஸ்டு பத்தொன்பது. கழுவெளி ஏரி ஓரம், எதிரில் லாரி. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"லாரி ஒரு முழம் தள்ளிப் போச்சுண்ணே. முதலாளிகிட்ட சொல்லிடட்டா?"

"ஏம்பா, சொன்னா என்ன பண்ணுவாரு? மெட்ராஸ் என்ஜினியரைக் கூப்புடுவாரு. அவரு பாக்கும்போது லைட்டு நல்லா எரியும். அப்புறம் உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை வரட்டும். நானே வந்து சொல்றேன்."

"நீங்க சொல்வீங்க இல்ல?"

"சொல்றேன்டா."

அவன் என்னை நம்பிப் போனான். நானும் சொல்வதாகத்தான் இருந்தேன்.

மூன்றாவது, செப்டம்பர் ஆறு, விடியற்காலை நாலு ஐம்பது. முதலாளி சென்னைக்குப் போக வேண்டும் என்று பக்கிரி அவர் வீட்டுக்குக் காரை ஓட்டிப் போய்க்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ரோட்டோரம் வரிசையாக நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரிசையில் கடைசியாக நடந்தவர் விருத்தாம்பாள். ஐம்பத்திரண்டு வயது. போகிற வழியில் என் கடைப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறவர். விளக்கு அணைந்த இருட்டில் கார் அவர் மேல் மோதியது. பக்கிரி அவரைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். போகும்போது விளக்கு நன்றாக எரிந்ததாம். வழியிலேயே உயிர் போய்விட்டது.

கார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. எட்டு மணிக்கு அதன் ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்கவில்லை. கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து என்னைக் கூப்பிட்டார். பேட்டரி வயரைக் கழற்றி ஹாரனை நிறுத்தினேன். மூன்று ரீடிங் கிடைத்துவிட்டது, அத்தாட்சியான பெட்டியை அங்கே விட்டுவைக்கக் கூடாது என்று பட்டது. போலீஸ் ஸ்டேஷனில் பொருள்கள் காணாமல் போகும். புதுப் பெட்டி என் டூல் பையிலேயே இருந்தது. மாற்றி மாட்டிவிட்டு, வயரைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எரிந்தது.

லைட் கோளாறைப் பற்றிப் பக்கிரி உன்னிடம் சொல்லியிருக்கிறானாமே என்று சப் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். அந்தக் காரில் போன நவம்பரில் கோளாறு இருந்தது, மார்ச்சில் சென்னை என்ஜினியர் வந்து சரிசெய்து, பெட்டியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். இதில் எந்த வார்த்தை பொய்? கோர்ட்டிலும் உங்கள் அறிக்கையைத்தான் படித்தார்கள். நான் யார், உப்புத்தாள். தூங்கிக்கொண்டே ஓட்டிவிட்டு விளக்கின் மேல் பழி போடுகிறான் என்று முடிவாயிற்று. பக்கிரிக்கு ஒரு வருஷம். இந்த ஏப்ரலிலிருந்து கடலூர் ஜெயிலில் இருக்கிறான். அவனை உள்ளே வைத்திருப்பது உங்கள் கையெழுத்து. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் மனைவி பொன்னி வாரா வாரம் என்னிடம் வருகிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் தெளிவாக மனு எழுதுகிறவன் நான் ஒருவன்தான். கலெக்டருக்கு இரண்டு, ஜெயில் அதிகாரிக்கு ஒன்று, அப்பீல் வக்கீலுக்கு மூன்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்க எழுதினா படிக்கிறவங்களுக்கு மனசு எளகும்ண்ணே என்கிறாள். ஒவ்வொரு மனுவிலும் விளக்கு தானாக அணைந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். காரணம் மட்டும் எழுதவில்லை. காரணம் தொழில் சம்பந்தப்பட்டது, கலெக்டருக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும்.

பழைய பெட்டியைத் தனிப் பார்சலில் நேற்று அனுப்பிவிட்டேன். சோதித்துப் பார்த்து, மாட்யூலில் குறை இருக்கிறது என்று கம்பெனித் தாளில் ஒரு வரி எழுதி, சீல் வைத்து எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த ஒரு வரி போதும்.

பெட்டியைத் திறந்தால் பின்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜூனில் மாட்டிய பிறகு ஐந்து வாரம் அதில் எந்தக் கோளாறும் வரவில்லை. தினமும் காத்திருந்து வெறுத்துப்போனேன். கோடையில் காற்று காய்ந்திருக்கிறது, நவம்பர் ஈரம் அதற்குக் கிடைக்க வேண்டாமா என்று யோசித்தேன். ஜூலையில் கழற்றி, காரில் புதுசை மாட்டி அனுப்பிவிட்டு, இதை அளத்துத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி அடுத்த வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்து திரும்ப மாட்டினேன். அது சோதனைக்கு வேண்டிய சூழ்நிலையை ஏற்படுத்தியதுதான். குறை முன்பே உள்ளே இருந்தது.

இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது நம் இருவருக்கும் இடையிலான தொழில் விஷயம்.

பொன்னி இப்போது எதிரில்தான் நிற்கிறாள். இன்றைக்கு யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சென்னையில் ஒரு பெரிய என்ஜினியருக்கு, பக்கிரி விஷயமாக என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். தபால் ஆபீஸ் பக்கம்தான் போகிறாளாம், ஒட்டிக் கொடுங்கள், நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்கிறாள். ஒட்டி அவள் கையில் கொடுக்கப் போகிறேன். பக்கிரி விஷயமும் இதில் இருக்கிறது அல்லவா. நான் அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

இப்படிக்கு,
தட்சணாமூர்த்தி