நாற்பத்திரண்டாம் பக்கத்து மாட்டுக்கறி

மாட்டுக்கறி ரப்பர் மாதிரி வந்துவிட்டால் எல்லோரும் நெருப்பைத்தான் திட்டுகிறார்கள். பாவம், நெருப்பு என்ன செய்யும். முந்தின நாள் ஊறவைத்தவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்க ஆன்ட்டி என்று காகிதமும் ஒரு கோப்பை மைலோவும் கொண்டுவந்து வைத்தீர்கள். நன்றி. போலீஸ் சட்டையில் ஜரீனா என்ற பெயரைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மாட்டுக்கறியைப் பற்றி உங்களுக்கு அரிச்சுவடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் ஜெனிவீவ். வயது ஐம்பத்தாறு. சிங்கப்பூர் சுவா சூ காங்கில் ஒன்பதாவது மாடி வீடு. என் கணவர் லாசரஸ் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அடக்கமும் நல்லபடியாக முடிந்துவிட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானேதான் பஸ் பிடித்து வந்தேன். ஏன் வந்தேன் என்பதற்கு முதலில் கறியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பார்பிக்யூ என்றால் நிறையப் பேர் சிரிப்பார்கள். ஒன்பதாவது மாடியில் கரி அடுப்பு மூட்டினால் நீங்களே மேலே ஏறி வந்திருப்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கனமான இரும்புச் சட்டியில் கறியை இரண்டு பக்கமும் கருகக் கருக வாட்ட வேண்டும். பிறகு ஒரே ஒரு துண்டுக் கரியை கேஸ் அடுப்பில் சிவக்க வைத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கறிக்கு நடுவில் வைத்து, அதன் மேல் ஒரு கரண்டி நெய் விட்டு மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம். மூடியைத் திறந்தால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையே அடுப்படிக்கு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் தேக்கா சந்தைக்குப் போவேன். கறிக்கடை மஜீது பாய் என்னைப் பார்த்ததும் நல்ல துண்டாக எடுத்து வைத்துவிடுவார். மிளகு, சோம்பு, மல்லி மூன்றையும் வறுத்து இடிப்பேன். இஞ்சி பூண்டு, கொஞ்சம் இனிப்பு சோயா, புளி, கறி இளக ஒரு கை பச்சைப் பப்பாளித் துருவல். அளவெல்லாம் கடைசியில் தருகிறேன். லாசரஸுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கறி வெட்டக்கூடத் தெரியாது. அதையும் பிறகு சொல்கிறேன்.

அவருக்குத் தெரிந்தது வேறு. எங்கள் மாதா கோயிலில் வருடத்துக்கு ஒரு பிக்னிக் உண்டு. நான் மூன்று நாள் வேலை செய்து ஊறவைத்த கறியை டப்பாவில் கொண்டுபோவோம். கடற்கரையில் அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நெருப்பின் பக்கத்தில் நிற்பார். எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இருபத்திரண்டு வருடம். அந்தக் கறிக்கு லாசரஸ் பீஃப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் சில வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்த வருடம் கோயிலுக்கு ஐம்பதாவது ஆண்டு. ஜெரார்ட் என்று ஒரு பையன், பையன் என்ன, நாற்பது வயதாகிறது, எங்கள் ஆட்களின் சமையலையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடுவதாகச் சொன்னான். பிக்னிக்கில் சாப்பிட்டுப் பார்த்து, சமைத்தவரை அங்கேயே படம் எடுத்து, செய்முறையும் எழுதிக்கொள்வானாம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன்.

"புக்குல என் பேரைப் போடச் சொல்லுங்க."

"யார் பேர் போட்டா என்ன லா. எல்லாம் ஒரே வீடுதானே."

"அப்ப என் பேரே இருக்கட்டுமே."

"ஜெனி, நெருப்புகிட்ட நின்னது யாரு? நீ மசாலாதானே தடவினே."

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை, பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் மசாலாதானே என்று சொன்னது எனக்கு வலித்தது. ரொம்ப வலித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வராமல் இருந்தால் போதும். நான் நெருப்புப் பக்கத்தில் நிற்பேன், ஜெரார்ட் என்னைப் படம் எடுப்பான்.

லாசரஸுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று தாதி ஒரு தாள் கொடுத்திருந்தார். அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். தண்ணீரை அளந்து கொடுப்பேன். உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவேன். மூன்று வருடம் அவரை நடமாட வைத்ததும் இந்தக் கைதான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் கீழ் ஓரத்தில் நட்சத்திரப்பழம் படம் போட்டு, மேலே சிவப்பில் குறுக்குக்கோடு கிழித்திருந்தது. சிறுநீரகம் போனவர்கள் இதைத் தொடவே கூடாது, முதலில் விடாத விக்கல் வரும் என்று எழுதியிருந்தது. விக்கலோடு யாரும் பிக்னிக்குக் கிளம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். படித்தேன்.

சனிக்கிழமை காலையில் கீழ்க் கடையில் பழம் வாங்கினேன். பிக்னிக் கறி வழக்கம்போலப் பப்பாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் தனியாக நான்கு துண்டு, நட்சத்திரப்பழத்தைத் துருவி ஊறவைத்தேன். தொட்டுக்கொள்ள அதே பழத்தில் பச்சையாக ஒரு சட்னி. மத்தியானம் தட்டில் வைத்தேன்.

"ஜெனி, என்னம்மா இது, பஞ்சு மாதிரி இருக்கு. என்ன போட்டே?"

"பழம்."

"பப்பாளியா?"

"பழம்தான். சாப்பிடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் என்ன போட்டாய் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் முன்னால் கேட்டிருக்கலாம். சட்னியை வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் விக்கல் ஆரம்பித்தது.

"யாரோ உங்களை நினைக்கிறாங்க," என்றேன்.

"பிக்னிக் கூட்டம்தான். நாளைக்கு என்னைப் பார்க்காம அவங்களுக்குச் சோறு இறங்காது."

ஞாயிறு காலையிலும் விக்கல் நிற்கவில்லை. சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டார். கழிப்பறைக்குப் போகிறேன் என்று ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றார். என்னை அவருடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தாளில் இருந்த அடுத்த வரி இதுதான். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும் என்பதும் அதில் இருந்தது. நான் அவரைச் சோபாவில் உட்காரவைத்து, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்தேன். அளவு தண்ணீர்தான். பிறகு டப்பாவையும் ஏப்ரனையும் எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தேன்.

அன்றைக்குக் கறி எப்படி வந்தது தெரியுமா. இத்தனை வருடத்தில் அப்படி வந்ததில்லை. ஜெரார்ட் மூன்று துண்டு சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"லாசரஸ் அண்ணன் உடம்பு முடியாதப்பகூட ஊறவச்சு அனுப்பியிருக்காரே. என்ன மனுஷன்."

"நான்தான் செஞ்சேன், ஜெரார்ட்."

"ஆமாக்கா, நீங்கதானே இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க."

படம் எடுத்தான். டப்பாவை.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அடுப்படித் தரையில் கிடந்தார், கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு சின்ன டாக்டர், கெட்டிக்காரப் பெண், என்னைத் தனியாகக் கூப்பிட்டு நட்சத்திரப்பழம் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள். பீஃப் மட்டும்தான் டாக்டர் என்றேன். அவருக்கு அது ஆகாதே என்று மெதுவாகக் கண்டித்தாள். தலையைக் குனிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். போன ஞாயிறு பூசை முடிந்து புத்தகத்தைக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டாம் பக்கம். லாசரஸ் பீஃப், அமரர் லாசரஸ் நினைவாக. பழைய படம், இடுக்கியோடு சிரிக்கிறார். கீழே செய்முறை, எப்போதோ அவரே ஜெரார்டுக்குப் போனில் சொன்னதாம். எலுமிச்சைச் சாறு என்று போட்டிருக்கிறது. பாட்டில் சாஸ் என்று போட்டிருக்கிறது. ஜரீனா, பாட்டில் சாஸ்.

அவர் இறந்தபிறகு அன்றுதான் முதன்முறையாக அழுதேன். கோயிலில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவரை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, பக்கத்தில் இருந்த அந்தோனியம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஜெரார்டிடம் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? அண்ணன் பேர்ல இருக்கிறதுதான் அழகு. நீங்க அவர் ஒய்ஃப்தானே லா."

அதனால்தான் வந்தேன். நீங்கள் எழுதி வைப்பதை யாரும் கிழித்துப் போடமாட்டார்கள், பெயரை மாற்றமாட்டார்கள். ஒரு கிலோ கறிக்கு மிளகு மூன்று தேக்கரண்டி, சோம்பு இரண்டு, மல்லி நான்கு. இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி. இனிப்பு சோயா ஒரு மேசைக்கரண்டி, புளி நெல்லிக்காய் அளவு, பப்பாளித் துருவல் கால் கிண்ணம். எலுமிச்சை கிடையாது. லாசரஸுக்கு நட்சத்திரப்பழம் கொடுத்தது நான்தான். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் விட்டுவிட்டுப் போனேன். கையெழுத்து: ஜெனிவீவ்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு, தாளை மறுபடி என் பக்கம் தள்ளி, "ஆன்ட்டி, உங்க ஹஸ்பண்டைப் பத்தி வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்கிறீர்கள். நல்லவேளை கேட்டீர்கள். தாளின் அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

கறியை நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். அவர் கடைசிவரை நெடுக்காகத்தான் வெட்டினார்.