பேசாத வாரத்து பிரேக்

…அதைத்தான் சார் நானும் கேக்குறேன். பிரேக்கை அழுத்தினா வண்டி நிக்கணுமா வேண்டாமா? இது என்னடான்னா, யோசிச்சுச் சொல்றேங்குது! ஏணிதானே, தாராளமா எடுத்துட்டுப் போங்க, அந்தா சுவத்துல சாஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி இந்த லிவரை ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க. ம்… எப்படி இருக்கு? பஞ்சு மாதிரி இல்ல? பக்கத்து வீட்டுக்கு நேத்து வந்த உங்களுக்கே தெரியுது! எங்க வீட்டுக்காரர் "நல்லாத்தானே இருக்கு"ங்கறார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். என் சமையலையே நல்லா இருக்குன்னு சொல்ற மனுஷன்… அது கிடக்கட்டும்.

வந்ததுதான் வந்தீங்க, ஒரு கை கொடுங்க சார். நீங்க லிவரை அழுத்திப் பிடிச்சுக்கணும். நான் கீழ உக்காந்து சக்கரத்துக்கிட்ட இருக்குற இந்தத் திருகைத் திறப்பேன். சின்ன டியூப் வழியா ஆயில் வரும், உள்ள மாட்டிக்கிட்ட காத்தும் கொப்புளம் கொப்புளமா வரும். மூடிட்டு "ஆச்சு"ம்பேன், கையை எடுங்க. திரும்ப அழுத்துங்க. அவ்வளவுதான். மேல பிரேக் ஆயில் கப்பு மூடியைத் திறந்துதான் வச்சிருக்கேன், ஆயில் டப்பா சீட்டு மேல இருக்கு, நீங்க அப்பப்ப அதையும் ஒரு… அட, ஷூவெல்லாம் போட்டுக் கிளம்பிட்டீங்களா? டியூட்டியா? அஞ்சே நிமிஷம் சார். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அழுத்துங்க!

…ஆச்சு. பாத்தீங்களா, எவ்வளவு காத்து! இதுக்கு ரெண்டு ஆள் வேணும், அதான் சிக்கல். எங்க வீட்ல ஆளுக்கா பஞ்சம்? நான் ஸ்பேனரைக் கையில எடுத்தாப் போதும்… கொழுந்தனுக்கு வயித்து வலி, மாமியாருக்குத் தல சுத்தல், இவருக்கு மொட்டை மாடித் தண்ணித் தொட்டி ஒழுகும்! காலையில ஏறினவர். தொட்டி ஒழுகல சார், நான் பாத்தேன். அழுத்துங்க.

ஆச்சு. எல்லாம் சோதிச்சாச்சு சார். பிரேக் பேட் புதுசு. ஆயில் போற ஹோஸ் வீங்குதான்னு பிடிச்சுப் பாத்தேன், வீங்கல. மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளைத் துணியால துடைச்சேன், ஒரு சொட்டுக் கசிவு இல்ல… எங்க மாமியாரோட துணி அது, அதுக்குத் தனியா ஒரு பஞ்சாயத்து. பார்ட்ஸ் கடைக்காரன்கிட்ட போனா, "யாருக்கு மேடம் வண்டி, சாருக்கா?"ங்கறான். எனக்குத்தாம்ப்பான்னா சிரிக்கிறான். அழுத்துங்க.

சாயங்காலம் கல்குவாரியில பைக் பந்தயம் சார். நானும் நாத்தனாரும். தோத்தவங்க, ஜெயிச்சவங்க வண்டியை வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை தவறாம வாசல்ல வச்சுக் கழுவணும். ரெண்டு வருஷமா யார் கழுவுறா? இந்தக் கைதான்! அவ நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, கையில டீயை வச்சுக்கிட்டு, "அண்ணி, அந்த மட்கார்டுக்கு அடியில… இன்னும் உள்ள, அண்ணி"ம்பா. அந்த "அண்ணி" இருக்கே, அதைக் கேட்டா பல்லு கூசுது சார். இத்தனைக்கும் ஏத்தத்துல நான்தான் முன்னாடி போறேன். இறக்கத்துலதான், பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோன்னு நான் தடவித் தடவி இறங்குறேன், அவ சர்ருன்னு போயிடுறா.

ஆச்சுன்னு சொன்னேனா? ஆச்சு ஆச்சு. அழுத்துங்க.

போன மாசம் ஒரே ஒரு தடவை கல்லு மாதிரி நின்னுச்சு. அப்ப இவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. தன் தங்கச்சி வண்டிக்குத் திருட்டுத்தனமா புது டயர் மாட்டிக் கொடுத்திருக்கார் சார்! கூடப்பிறந்த பாசமாம். ஒரு வாரம் நான் வாயே திறக்கல. நம்ப மாட்டீங்க, ஆனா திறக்கல. அந்த வாரம்தான் இதே வேலையைப் பாத்தோம். நான் தலையை ஆட்டினா அழுத்துவார், மறுபடி ஆட்டினா கையை எடுப்பார். சீக்கிரமே முடிஞ்சுது. அப்புறம் சமாதானம் ஆகி, ஹோஸ் மாத்தி, சிரிச்சுப் பேசிக்கிட்டே மறுபடி காத்து எடுத்தோம்… கொழகொழன்னு ஆயிடுச்சு! அப்ப ஊத்தினது நல்ல ஆயில் சார், அதான் விஷயம். இப்ப விக்கிறதெல்லாம் போலி.

அழுத்துங்க. …ஆச்சு. கையை எடுங்க சார்.

…எடுங்க. லிவர் திரும்புற சத்தமே காணோமே? கை மரத்துப் போச்சா? பரவால்ல, எழுந்து நானே பாக்குறேன்… ஸ்ஸ், முட்டி…

சார்?

இதென்ன, லிவரையும் கைப்பிடியையும் சேத்துக் கட்டியிருக்கு… ஷூ லேஸ்! அடப்பாவி மனுஷா! வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே. எப்பக் கிளம்பினார்? மாமியார் துணி வரைக்கும் இருந்தாரா? டயர் கதை முழுக்க நான் ஷூ லேஸுக்கா சொன்னேன்?

ஐயையோ… கப்புல ஒரு பொட்டு ஆயில் இல்லையே! கப்பு காலியானா காத்தைத்தானே உறிஞ்சும்! குறையக் குறைய ஊத்துங்கன்னு அவர்கிட்ட சொன்னேனே… சொன்னேனா? சொல்ல வந்தேன்… ஷூவைப் பாத்தேன்…

இரு, இரு. நான் கீழ உக்காந்து பேசினா, மேல நிக்கிற ஆளு எனக்கு "ம்" கொட்டிக்கிட்டு நிக்கிறார். கப்பை யாரு பாக்குறது? நான் பேசாம இருந்த அந்த ஒரு வாரம்தான் எங்க வீட்டுக்காரருக்கு "ம்" கொட்டுற வேலை இல்ல. பாக்க வேற ஒண்ணுமில்லாம கப்பையே முறைச்சுக்கிட்டு நின்னார், ஊத்திக்கிட்டே இருந்தார்… அப்ப, ஆயில் போலி இல்லையா? கடைக்காரன் மேல தப்பு இல்லையா?

ச்சீ. இது வெளிய தெரியக் கூடாது.

ஏங்க! ஏங்க, உங்களைத்தான்! தொட்டி ஒழுகினது போதும், இறங்கி வாங்க! …என்னது, ஏணியா? ஏணி அந்தச் சுவத்துலதான்… அடக்கடவுளே, பக்கத்து வீட்டுக்காரரை நானே எடுத்துட்டுப் போகச் சொன்னேனே! குதிச்சு வைக்காதீங்க, எனக்கு உங்க கை வேணும்! நான் போய் வாங்கிட்டு வர்றேன்.

இல்ல… நில்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தங்கச்சிக்கு டயர் மாட்டிக் கொடுத்தீங்களே… ஆமா, அதேதான். முடிஞ்சு போச்சா? யாருக்கு முடிஞ்சுது? …என்ன, நான்தான் வம்புக்கு இழுக்குறேனா? அப்படித்தான், கத்துங்க! இன்னும் நல்லாக் கத்துங்க!

பந்தயம் முடியுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன்!