காலடி ஸ்பீக்கர்

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையின் மேல் தேநீர்க் கோப்பையை வைக்காதீர்கள் என்று நம் கூடத்தில் எழுதி ஒட்டியவன் நான்தான். ஐந்து வருடமாக அது அங்கேயே இருக்கிறது. ஐந்து வருடமாக நீங்களும் அங்கேதான் கோப்பையை வைக்கிறீர்கள். உங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசாரணை என்று வட்டமாக உட்கார்ந்துவிட்டீர்கள், கேட்டதற்குச் சொல்கிறேன்.

பழைய டயர் கிடங்கைக் கழுவி வெள்ளையடித்து, 'எல்லா வயதினரும் வரலாம்' என்று வாசலில் எழுதிவிட்டால் அது கலைக்கூடம் ஆகிவிடும் என்று நம்பியவர்கள் நீங்கள். எல்லாருமே சம்பளமில்லாமல் சும்மா வேலை செய்கிறவர்கள், அதனால் யாரையும் ஒன்றும் சொல்லக்கூடாது. குழாய் ரிப்பேர்காரர் ஓவியம் வரைந்து மாட்டுவார். ஒருமுறை அவருடைய படத்தை நான் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இரண்டு மாதம் நின்று நின்று ரசித்தீர்கள். பல் டாக்டர் டிரம்ஸ் அடிப்பார். காதுமூடி போட்ட கைக்குழந்தைகள் முன்வரிசையில் தூங்கும். ரசனை என்று பார்த்தால் அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியக் கச்சேரிக்கு நிரந்தரமாக ஒருவர் பாட வேண்டும் என்றபோது, நானே பாடுகிறேன் என்றேன். வழக்கம்போல் கை தூக்கச் சொன்னீர்கள். எனக்கு இரண்டு கை உயர்ந்தது. ஒன்று என்னுடையது, மற்றது என் தங்கையுடையது. மீதிப் பேர் எல்லாரும் அவளைத்தான் பாடச் சொன்னீர்கள். அவள் வாய்ப்புக் கேட்கக்கூட இல்லை. கூடத்துக்கு அவளைக் கூட்டிவந்தவனே நான்தான். நீங்கள் செய்ததைக்கூட மறந்துவிடுவேன். அவள் எனக்காகத் தூக்கிய அந்தக் கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாடுகிறவரின் காலடியில் அவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். மானிட்டர் என்போம். பாடுகிறவருக்குத் தன் குரல் அதில்தான் கேட்கும். கேட்கவில்லை என்றால் தானாகவே கத்தத் தொடங்குவார். சந்தையில் கூவி விற்கிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. ஒவ்வொரு ஞாயிறும் மிக்ஸரில் அவள் மானிட்டருக்கான குமிழை ஒரு மயிரிழை குறைத்தேன். உங்களுக்குக் கேட்கிற பெரிய ஸ்பீக்கரில் கை வைக்கவே இல்லை. ஒழுங்காக வேலை செய்து பழகியவன் என்பதால், குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தேன். மொத்தம் ஒன்பது கோடுகள்.

நான்காவது வாரமே அவள் வந்து கேட்டாள். "அண்ணா, எனக்கு என் குரலே கேக்கல. கொஞ்சம் ஏத்தேன்."

"வெளிய நல்லாத்தான் கேக்குது. உனக்குத்தான் பயம். இன்னும் நல்லா வாயத் திறந்து பாடு."

"சரிண்ணா" என்றாள். திறந்து பாடினாள். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள், அது வலியில் வந்த சத்தம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாவது வாரம் பாட்டின் நடுவில் குரல் அறுந்தது. தொண்டைக்குள் ரத்தக் கசிவு, இனி பாடவே முடியாது, பேசுவதும் சந்தேகம்தான் என்றார் டாக்டர். வீட்டில் இப்போது துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டுகிறாள். நான்தான் மருந்து வாங்கிக் கொடுக்கிறேன்.

போன ஞாயிறு வேறு வழியில்லாமல் என்னைப் பாடச் சொன்னீர்கள். மிக்ஸரை அவள் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினாள். நான் மைக் முன்னால் நின்றபோது அவள் அந்தக் கோடுகள் மேல் குனிந்திருந்தாள். தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. என் குமிழை நன்றாக ஏற்றிவிட்டாள்.

காலடியிலிருந்து என் குரல் நேராக முகத்துக்கு வந்தது. தகரத்தைச் சுரண்டுவது போன்ற குரல், சுருதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இனி அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அது என் குரல் இல்லை. மிக்ஸரில் அவள் ஏதோ செய்திருக்கிறாள். கூடப்பிறந்தவனுக்கே ஒருத்தி இப்படிச் செய்வாளா?