மூணே கால் மணி நிழல்

இல்ல தம்பி, அந்த ரம்பத்தை ஓரமா வச்சுட்டு முதல்ல உக்காருங்க. மரம் எங்கயும் ஓடிடாது. வக்கீலய்யாவுக்குச் சிலை வைக்கணும், அதுக்கு இந்த மாமரத்தை வெட்டணும். அவ்வளவுதானே? தெரெரே மூலிகைத் தண்ணி குடிச்சுட்டுப் பேசலாம். ஐஸ் போட்டு, புதினா இடிச்சுப் போட்டிருக்கேன். சிபா ரொட்டியும் எடுத்துக்கோங்க, சூடு இன்னும் ஆறல.

எவேலியோ ஐயாவை நீங்க பார்த்ததில்லையா? அடடா. இந்த யூனிவர்சிட்டிக்கே அவர்தான் வக்கீல். பகல்ல கோர்ட்டு, சாயங்காலம் இங்க வகுப்பு. கசாப்புக்காரர், பஸ் ஓட்டுறவர் எல்லாம் வேலை முடிஞ்சு வந்து படிக்கட்டும்னு அந்தச் சாயங்கால வகுப்பை ஆரம்பிச்சதே அவருதான். முன் பெஞ்சுல ஒருத்தர் குறட்டை விட்டாராம். எழுப்பாதீங்கப்பா, விடியறதுக்கு முன்ன மாடு அறுக்கப் போனவரு, நான் மெதுவா நடத்துறேன்னாராம். மனுஷன் அப்படி. சிபா மட்டும் கருகினதுதான் வேணும்பாரு. அவருக்குன்னே ரெண்டு கருக்குவேன்.

ரொம்ப காலத்துக்கு முன்ன ஒரு வருஷம், அந்த வகுப்பை மூடப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. பசங்க பதினோரு பேர் துணியில எழுதிக் கட்டிக்கிட்டு இங்க நின்னாங்க. போலீஸ் வந்து நான் சிபா விக்கிற மேசையைக் கவுத்துட்டு அத்தனை பேரையும் அள்ளிட்டுப் போச்சு. நடுத்தெருவுல கலாட்டா பண்ணினாங்கன்னு கேஸு. தெருவுலன்னா மூணு வருஷம் ஜெயில். யூனிவர்சிட்டி கேட்டுக்கு உள்பக்கம்னா, போலீஸ் கால் வைக்கவே உரிமை கிடையாது. அப்ப பாருங்க, பசங்க தலையெழுத்தே எந்தப் பக்கம் நின்னாங்கங்கறதுலதான்.

உள்ளதான் நின்னாங்கன்னு பைபிள் மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன் ஐயான்னேன். அவருக்கு வந்துச்சே கோவம்! தெயோலிந்தா, ஞாயித்துக்கிழமை பூசையில பாடுற வாய் இது. கவுந்த மேசையைப் பார்த்தியா, கேட்டு எல்லையைப் பார்த்தியான்னாரு. சிபா மண்ணுல உருளுதேன்னு அழுதேன், எல்லையை எங்க பார்த்தேன்னேன். அப்ப அதையே சொல்லு, மிச்சத்தை மரம் சொல்லும்னாரு.

எப்படின்னு கேளுங்க. மரம் கேட்டை ஒட்டி நிக்குதில்ல, காலையில நிழல் தெருப்பக்கம் விழும், மேசையும் தெருவுல. மத்தியானம் தாண்டினா நிழல் கேட்டுக்கு உள்ள போயிரும், பின்னாடியே மேசையை இழுத்துக்கிட்டு நானும் போயிருவேன். வெயில்ல வச்சா சிபா காஞ்சு கல்லாயிருமே. இது தெரியாம போலீஸே எழுதிக் குடுத்திருக்கு: மூணே கால் மணி, சிபாக்காரி மேசையை ஒட்டி, தெருவுலன்னு.

பசங்களுக்கு வக்கீலா நின்ன ஐயா வாதாடவே இல்ல. ஒரு தடவை அங்க வந்து உக்காருங்கன்னு மட்டும் ஜட்ஜைக் கேட்டாரு. அவரும் வந்தாரு, அடுத்த வாரமே, அதே மூணே காலுக்கு. தெருவுல நாற்காலி போட்டோம். கறுப்புக் கோட்டு, நம்ம ஊருக்கு ஜனவரிதானே கொளுத்துற கோடை. சிபா குடுத்தேன், தெரெரே குடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னமோ பேசிக்கிட்டே இருக்காரு. பத்து நிமிஷம்கூட ஆகல தம்பி, ஜட்ஜு எந்திரிச்சாரு, நாற்காலியைத் தானே தூக்கினாரு, கேட்டுக்கு உள்ள போயி நிழல்ல போட்டு உக்காந்துட்டாரு. எவேலியோ ஐயா என் பக்கம் திரும்பி, கருகினது இருக்கான்னாரு!

மறுநாளே பசங்க வெளிய. வகுப்பையும் மூடல. இன்னிக்கும் நடக்குது, ஆறு மணிக்கு மேல வந்து பாருங்க. போன வருஷம் ஐயா போயிட்டாரு. அவருக்காக ஜெபமாலை சொல்லாம நான் படுக்கிறதில்ல. சிலை வேணாம்னா சொல்றேன்? அந்தச் சுவரோரமா வைங்களேன், எவ்வளவு இடம் கிடக்கு. மரம் நின்னாத்தானே அவரு என்ன பண்ணினாருன்னு தெரியும்.

அதுக்குள்ள நன்றின்னுட்டீங்களே, தெரெரேல அப்படின்னா போதும்னு அர்த்தமாச்சே, இன்னும் ரெண்டு சுத்துக்குத் தண்ணி இருக்கு. மரம் வெட்டுற உத்தரவா? குடுங்க பார்ப்போம். ஆமா, இந்த யூனிவர்சிட்டித் தலைவர், ரெக்டர் கையெழுத்துதான். இந்தக் கடைசிச் சுழி எனக்குத் தெரியாதா? சின்னதுல சிலேட்டுல இப்படித்தான் இழுப்பான். அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன், என் மூத்தவன் அர்செனியோ. போன் பண்ணினா மீட்டிங்ல இருக்கேன்மாங்கறான்.

நீங்க போய் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. அம்மா சண்டை போடலையாம், மரத்தடியிலதான் உக்காந்திருக்காளாம். மூணே காலுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வரச் சொன்னாளாம்.